முன்சில்லும் பின்சில்லும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று மலராசிரியர் கேட்டபொழுது, இலக்கியம் பற்றிய ஒன்றையே அவர் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். இருபது ஆண்டுகளாக மாணவருக்குத் தமிழ் கற்பித்து வருபவன் யான். ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் யான் பெற்ற தராதரப் பத்திரத்தில் மோட்டார் வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அத்தகைய ஒருவன் காரின் ரயரைப் பற்றி எழுதப் புகுதல் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நகைப்பவர் நகைக்க. நான்கு உயிர்கள் மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சி ஒன்றே என்னை இப்பொருளுக்கு இழுத்து வந்தது. அந்நிகழ்ச்சிக்குக் காரணமான பிழையில் எனக்கும் பங்குண்டு. ஆதலின் இதனை எழுதுவது கடன் தீர்ப்பதும் ஆகும்.

வன்னி வயல்களில் உழவு இயந்திரம் ஓடுவதைப் பார்த்திராதார் நம்முள் இலர். அதன் முன்சில்லு சிறியது. பின்சில்லு மார்பளவு உயர்ந்தது. பின்சில்லின் ரயர் தேய்ந்துவிட்டால் முன்சில்லின் ரயரையே அங்கும் பூட்டலாம் என்று எந்தக் கமக்காரனும் எண்ணான். எண்ணினும் பூட்ட இயலாது. வேறுபாடு கண்ணுக்குப் புலனாவதால் அங்கே தவறு நேர்வதில்லை. கார்களுள்ளும் முன்சில்லுக்கு ஓரளவும் பின்சில்லுக்கு வேறோரளவுமாக ரயர் கொண்டவை சில உள. ஆனால் அவற்றின் வேறுபாடு உயரத்தில் அன்று, பெரும்பாலும் அகலத்திலேயே அமைந்திருக்கிறது. பக்கத்தே நின்று நோக்குபவனுக்கு நான்கும் ஒன்று போலத் தோன்றும். தவறு நுழைவதும் அந்த இடத்திலேதான்.

இத்தகைய கார்கள் பெருஞ்செல்வர்க்கே உரியன என்று ஒதுக்கிவிடுதல் கூடாது. போர்ஷே 911 என்னும் ஜேர்மன் காரில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அதன் அடிப்படை வகையில் முன் ரயரின் அகலம் 235 மில்லிமீற்றர், பின் ரயரின் அகலம் 295 மில்லிமீற்றர். அது செல்வர் ஊர்தியே. ஆயின் 2006ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த மிற்சுபிசி 'ஐ' என்னும் 660 சி.சி. சிறு காரைப் பாருங்கள். அதன் எஞ்சினும் பின்புறமே அமைந்தது. அதற்கு முன்னே 145, பின்னே 175. பி.எம்.டபிள்யூ. மூன்றாம் வரிசைக் கார்களில், 2011 முதல் 2019 வரை செய்யப்பட்டவற்றுட் பல, 18 அங்குல றிம்மோடு வந்தபோது முன்னே 225, பின்னே 255 கொண்டிருந்தன. பாவித்த காராக நம் ஊர்களுக்கு வந்து சேர்வன பெரும்பாலும் இவ்வகையின. என் நண்பரின் காரும் இத்தகைய அளவு கொண்டதே.

அந்நண்பர் என் வகுப்புத் தோழர். நம் பழைய மாணவர். பல்லாண்டு வெளிநாட்டில் உழைத்து, முதிய தாயாரோடு வாழ வேண்டும் என்று ஊர் திரும்பியவர். 2023ஆம் ஆண்டு ஆவணி மாதம் அவருடைய காரின் முன்சில்லு ஒன்று தெருக்குழியில் விழுந்து, ரயரின் பக்கச் சுவர் வெடித்தது. ரயர்க்கடைக்காரர் ஒருவர், "நாலுக்கும் முன் அளவையே போட்டுவிடுங்கள், மலிவு; முன்பின் மாற்றியும் ஓடலாம்" என்று யோசனை கூறினார். நண்பர் தயங்கினார். பின் ரயர்களின் அளவு ஊரில் இல்லை. கொழும்பிலிருந்து தருவித்தல் வேண்டும். "மச்சான், முன்னுக்கு இரண்டும் புதுசு போடத்தான் வேணும். பின்னுக்கு என்ன செய்யிறது?" என்று என்னைக் கேட்டார். பின் ரயர்களின் பள்ளங்களை யான் குனிந்து பார்த்தேன். தேய்வைக் காட்டும் கட்டையைத் தொட இன்னும் சிறிது இருந்தது. "இருப்பதை ஏன் எறிவாய்? மாரி கழியட்டும்" என்றேன். சிக்கனம் கூறிவிட்டேன் என்று மகிழ்ந்தேன்.

அவ்வாண்டு கார்த்திகையில் கிளிநொச்சியில் ஒரு திருமணத்துக்குச் சென்று திரும்பினோம். காரில் நண்பர், அவர் தாயார், என் மகன், யான் என நால்வர். பரந்தனைக் கடந்து ஆனையிறவை நோக்கி வருகையில் மழை வலுத்தது. வேகம் அறுபது அறுபத்தைந்து கிலோமீற்றருக்கு மேற்படவில்லை. முன்னே சென்ற லொறியை முந்துதற்காக நண்பர் வலப்புறம் எடுத்தார். தெருவிலே நீர் தேங்கிய ஓரிடத்தில் காரின் பின்புறம் தானாகவே ஒதுங்கிற்று. அவர் ஸ்ரியறிங்கைத் திருப்பினார், பயனில்லை. கார் சுழன்று, தெருவோரப் புல்லிலே, வந்த திசையைப் பார்த்தவாறு நின்றது. எதிரே வண்டி வராதது நாம் செய்த புண்ணியம். எவருக்கும் காயமில்லை. ஆயினும் அந்த அம்மையாரின் கை நடுக்கம் வீடு வந்து சேரும் வரை நிற்கவில்லை. என் மகன் பேசவேயில்லை.

மறுநாள் காரைப் பார்வையிட்ட முதிய மெக்கானிக் ஒருவர் பின் ரயரின் பள்ளத்தில் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு என்னை நோக்கினார். "மாஸ்ரர், முன்னுக்குப் புதுசும் பின்னுக்குத் தேய்ஞ்சதும் போட்டு மழையில ஓடினால், பின்பக்கம் முன்னுக்கு வரத்தானே பார்க்கும்" என்றார். அவ்வொரு வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்ள யான் பல நாள் படித்தேன், கேட்டேன். அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

ஈரத் தெருவில் ஒரு கார் இரு வகையாகப் பிடியை இழக்கலாம். முன்சில்லுகள் முதலில் வழுகினால், ஸ்ரியறிங்கைத் திருப்பியும் கார் நேரே செல்ல முற்படும். அப்பொழுது எவனும் அச்சத்தால் வேகத்தைக் குறைப்பான். குறைந்ததும் பிடி மீளும். இயல்பாகச் செய்வதே மருந்தாகிறது. பின்சில்லுகள் முதலில் வழுகினாலோ, காரின் பின்புறம் வெளியே வீசப்பட்டு வண்டி சுழலத் தொடங்கும். அதனை மீட்பதற்கு வேண்டிய பயிற்சியும் விரைவும் சாதாரணமாகக் கார் ஓட்டுவோர்க்கு இல்லை. ஆகவே பின்புறத்தின் பிடி முன்புறத்தின் பிடியினும் குறையாதிருத்தல் வேண்டும் என்பது கார் செய்வோரின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பின்சில்லால் உந்தப்படும் காரில் பின் ரயர்கள் இரட்டைப் பணி செய்கின்றன: வண்டியை உந்துவதும் அவையே, வளைவிலே பின்புறத்தைத் தாங்குவதும் அவையே. எஞ்சினும் பின்னே இருக்குமாயின் பாரமும் அவற்றின் மேலது. பின்னே அகன்ற ரயர் இட்டதன் காரணம் இதுவே. அழகுக்காக இட்டதென்று எண்ணுவோர் பலர். அழகு அதில் ஒரு சிறு கூறே.

ஆனால் அகன்ற ரயருக்கு ஒரு குறையுண்டு. நீர் தேங்கிய தெருவில் அகன்ற ரயர் ஒடுங்கிய ரயரினும் எளிதில் மிதக்கும். அகன்ற கால் அதிக நீரைத் தள்ள வேண்டியிருக்கிறது. அந்நீரை வெளியேற்றும் வாய்க்கால்களே ரயரின் பள்ளங்கள். புதிய ரயரில் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர். 1.6 மில்லிமீற்றருக்குத் தேய்ந்ததும் பள்ளத்துள் இருக்கும் அடையாளக் கட்டை மேற்பரப்போடு சமமாகிறது. அதுவே இறுதி எல்லை. ஈரத்தில் பிடி அவ்வெல்லைக்கு நெடுமுன்னரே குறையத் தொடங்கிவிடும். பின்னே அகன்ற ரயர், அதுவும் தேய்ந்தது. முன்னே ஒடுங்கிய ரயர், அதுவும் புதியது. கார் செய்தவன் ஏற்படுத்திய ஒழுங்கை என் சிக்கனம் தலைகீழாக்கிவிட்டது. வாய்க்கால் தூர்ந்த வயலுக்கு மாரியில் என்ன நேருமோ அது எங்களுக்கு நேர்ந்தது.

இனி, கடைக்காரர் கூறிய யோசனையை எடுத்துக்கொள்வோம். நாலுக்கும் முன் அளவையே இட்டால் என்ன? இதற்கு விடை காண ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். செய்யுளுக்குப் பதவுரை கூறிப் பழகிய எனக்கு அது கடினமாகத் தோன்றவில்லை. "225/45 ஆர் 18 91 வை" என்றிருப்பதாகக் கொள்வோம். 225 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 45 என்பது பக்கச் சுவரின் உயரம்; அகலத்தில் நூற்றுக்கு 45 பங்கு என்பது பொருள். 'ஆர்' என்பது ரயரின் உள்நூல்கள் மையத்திலிருந்து ஆரைபோற் செல்லும் அமைப்பைக் குறிக்கும். 18 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது பாரக் குறி. அது 615 கிலோகிராமைக் குறிக்கும். 'வை' என்பது வேகக் குறி. மணிக்கு 300 கிலோமீற்றர். நம் தெருவுக்கு அவ்வேகம் வேண்டா. ஆயினும் உரிய குறிக்குக் கீழே இறங்குதல் முறையன்று.

இப்பொழுது கணக்கைப் பார்ப்போம். 225இல் நூற்றுக்கு 45 பங்கு ஏறத்தாழ 101 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக இரு முறை கூட்டினால் 202½. 18 அங்குலம் 457 மில்லிமீற்றர். ஆக முன்சில்லின் முழு உயரம் ஏறத்தாழ 660. பின் ரயர் 255/40 ஆர் 18. 255இல் நூற்றுக்கு 40 பங்கு 102. இரு முறை 204. 457 சேர 661. அகலம் 30 மில்லிமீற்றர் கூடியும் உயரத்தில் வேறுபாடு ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்படவில்லை! அகலத்தைக் கூட்டியவன் சுவரின் வீதத்தைக் குறைத்து உயரத்தை ஒழுங்கு செய்திருக்கிறான். இவ்வெண்கள் ஒன்றையொன்று பற்றி நிற்பன. ஒன்றை மட்டும் மாற்ற இயலாது.

வெண்பாவின் இறுதியடி மூன்று சீர் கொண்டது. ஏனைய அடிகள் நான்கு சீர் கொண்டன. சமமில்லை என்று கருதி இறுதியடிக்கு ஒரு சீர் கூட்டிக் கொடுத்த மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அவனுடைய நல்லெண்ணத்தை யான் மெச்சினேன். வெண்பா மட்டும் கெட்டது. நாலுக்கும் ஓரளவு என்பாரும் அம்மாணவனைப் போன்றவரே.

நாலுக்கும் முன் அளவையே இட்டால் மூன்று தீங்கு விளையும். முதலாவது, பின்புறத்துக்கெனக் கொடுக்கப்பட்ட மிகுதிப் பிடி போய்விடும். இரண்டாவது, பாரம் தாங்கும் ஆற்றல் குறையும். 255/40 அளவின் பாரக் குறி 95. அஃதாவது ஒரு ரயருக்கு 690 கிலோகிராம். 225/45 அளவின் குறி 91, அஃதாவது 615. இரு பின்சில்லுக்குமாக 150 கிலோகிராம் குறைகிறது. பின் ஆசனத்தில் மூவர் அமர, பின் பெட்டியில் அரிசி மூடையும் தேங்காயும் ஏற்றிச் செல்லும் நம்மவர்க்கு இது சிறு குறையன்று. மூன்றாவது, கதவருகே எழுதியிருக்கும் காற்றழுத்த அளவு இந்த ரயருக்குப் பொருந்தாது போகும். இனி, மறுதலையாகப் பின் அளவையே முன்னும் இட்டால் என்ன என்பார்க்கு: முன் றிம்மின் அகலம் 8 அங்குலம், பின் றிம்மினது 8½. 255/40 அளவு ரயருக்கு 8½ முதல் 10 அங்குல றிம்மே விதிக்கப்பட்டது. ஒடுங்கிய றிம்மில் அதனை இடுதல் விதிக்குப் புறம்பு. வளைவிலே அது காரின் உட்பாகத்தில் உராயவும் கூடும்.

இன்னொரு தவறும் நடப்பதுண்டு. 255/40 கிடைக்கவில்லை, 255/45 இருக்கிறது, அகலம் ஒன்றுதானே என்று அதனைப் பூட்டிவிடுவர். கணக்கிட்டுப் பாருங்கள்: உயரம் 687 மில்லிமீற்றர் ஆகிவிடும். முன்சில்லினும் 27 மில்லிமீற்றர், நூற்றுக்கு நான்கு பங்கு, பெரியது. இக்காலக் கார்களில் ஒவ்வொரு சில்லும் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை எண்ணும் கருவிகள் உண்டு. பிறேக் பூட்டிக்கொள்ளாது காப்பதும், சறுக்கலைத் தடுப்பதும் அவ்வெண்ணிக்கையைக் கொண்டே. முன்னும் பின்னும் ஓயாது வேறுபட்டுச் சுற்றினால் அக்கருவிகள் மயங்கும். வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். நான்கு சில்லாலும் உந்தப்படும் காராயின், முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்கும் பெட்டி அவ்வேறுபாட்டைத் தன்னுள்ளே தாங்கிச் சூடேறித் தேயும். ரயரில் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பன்மடங்கு அங்கே செலவாகும்.

இவற்றையெல்லாம் கேட்ட என் சக ஆசிரியர் ஒருவர், "அப்படியாயின் நம் தெருக்களுக்கு இத்தகைய ரயரே ஆகாது என்று எழுதிவிடும்" என்றார். அவர் கூற்றில் உண்மை உண்டு. முன்பின் மாற்ற முடியாத ரயர்கள் இவை. சம அளவுக் காரில் சில ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு முறை முன்னவற்றைப் பின்னும் பின்னவற்றை முன்னும் மாற்றித் தேய்வைச் சமப்படுத்தலாம். இங்கே அது கூடாது. இடம் வலம் மாற்றுதலும் ரயரின் கோலம் இடங்கொடுத்தால் மட்டுமே. ஆதலின் உந்தும் பின் ரயர்கள் முன்னவற்றுக்கு முன்பே தேய்ந்துவிடும். பக்கச் சுவரோ குட்டையானது. குழியில் விழுந்தால் ரயரும் றிம்மும் அடிபடும். பஞ்சரானாலும் ஓடக்கூடிய கடினச் சுவர் ரயரோடு வந்த கார்களிற் பலவற்றில் மேலதிகச் சில்லே இல்லை. இருந்தாலும் ஒரே சில்லு முன்னுக்கும் பின்னுக்கும் சரிவரப் பொருந்தாது.

இதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. அதே காரைச் செய்த கம்பனியே, அதே காருக்கு, நான்கு சில்லுக்கும் சம அளவான ரயரையும் பல வேளைகளில் அனுமதித்திருக்கிறது. மேற்கூறிய பி.எம்.டபிள்யூ. கார்களுக்கு 17 அங்குல றிம்மில் நான்கிலும் 225/50 என்னும் அளவு அத்தகையது. அதன் முழு உயரம் 657 மில்லிமீற்றர். முன்னைய அளவுக்கு மிக அண்மையது. பக்கச் சுவர் 112 மில்லிமீற்றர். முன்னையதினும் ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்தது. குழியைத் தாங்கும், முன்பின் மாற்றலாம், விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் இவ்வழியில் றிம்மும் நான்கு, ரயரும் நான்கு, எல்லாம் ஒருங்கே மாற வேண்டும். குறித்த காருக்குக் குறித்த அளவு அனுமதிக்கப்பட்டதா என்பதைக் கையேட்டிற் கண்ட பின்னரே மாற்ற வேண்டும். எஞ்சினுக்கும் பிறேக்குக்கும் ஏற்ப அது வேறுபடலாம்.

ஆகவே என் கருத்து இது. வேறுபட்ட அளவு ரயர் கொண்ட கார் வைத்திருப்போர்க்கு இரண்டு வழிகளே உள. ஒன்று, கார் செய்தவன் விதித்த இரு அளவுகளையும் வழுவாது பேணி, அதற்கு வேண்டிய பணத்தை மனமுவந்து செலவிடுதல். மற்றது, கார் செய்தவனே அனுமதித்த சம அளவுக்கு முழுவதும் மாறிவிடுதல். இவை இரண்டும் நல்ல வழிகளே. இரண்டுக்கும் இடையே, பாதி விதியும் பாதி வசதியுமாகச் செல்லும் வழியே ஆபத்தானது. அவ்வழியைத்தான் கடைக்காரர் காட்டினார். அவ்வழியைத்தான் யானும் காட்டினேன். கடைக்காரருடையது விற்பனை, என்னுடையது சிக்கனம். காரினுள் இருந்தவர்க்கு இரண்டும் ஒன்றே.

முதல் வழியிற் செல்வோர் சிலவற்றை நெஞ்சில் இருத்துதல் நலம். அளவைக் கடைக்காரர் வாயிலிருந்து கேளாது, ஓட்டுநர் கதவின் தூணருகே ஒட்டியிருக்கும் தாளிலிருந்தும் கையேட்டிலிருந்தும் எழுதிக்கொண்டு செல்லுங்கள். இப்பொழுது பூட்டியிருப்பதைப் பார்த்து எழுதுவதும் போதாது. பாவித்த காராயின் முன்னிருந்தவர் செய்த தவறே அங்கு இருக்கலாம். ரயரை ஒன்றாக வாங்காது, ஓர் அச்சுக்கு இரண்டாகவே வாங்குங்கள். ஓர் அச்சில் உள்ள இரண்டும் ஒரே கம்பனியின் ஒரே கோலமாக இருத்தல் இன்றியமையாதது. நான்கும் அங்ஙனம் இருப்பின் மிக நன்று. கடினச் சுவர் ரயரையும் சாதாரண ரயரையும் கலத்தல் ஆகாது.

முன் ரயர்களைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பின் ரயர்களின் ஆழத்தை அளந்து பாருங்கள். 3 மில்லிமீற்றர் அளவில் இருந்தால், மாரி வருமுன் அவற்றையும் மாற்றுங்கள். பணம் இரண்டுக்கே போதுமானதாயின், இரண்டும் தேய்ந்திருக்கையில் முதலிற் பின்னவற்றை மாற்றி, முன்னவை மாறும் வரை நெடும்பயணத்தைத் தவிருங்கள். யான் அன்று கூறியிருக்க வேண்டிய அறிவுரை இதுவே.

ரயரின் வயதையும் பாருங்கள். டி.ஓ.ரி. என்னும் எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையின் இறுதி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட காலத்தைக் கூறும்: 2324 எனின் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளம் ஆழமாக இருந்தும் இறப்பர் முதுமையுறும். ஐந்து ஆண்டு கடந்தபின் ஆண்டுதோறும் சோதிப்பித்தலும், எவ்வாறாயினும் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டாமையும் ரயர்க் கம்பனிகள் கூறும் நெறி. எல்லாரும் விரும்பும் அளவுகள் கடையில் விரைவில் விற்றுப் போகும். அருமையாக வேண்டப்படும் அளவுகளோ அலுமாரியில் நெடுங்காலம் கிடக்கும். ஆதலின் அகன்ற பின் ரயர் வாங்குவோர் இவ்விலக்கத்தை இருமுறை பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே வழி மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளில் இருந்த கார்களையே எல்லாரும் வைத்துப் பேணினர். அதனால் வயது முதிர்ந்த கார்களும், கிடைத்த ரயரைப் பூட்டி ஓடும் வழக்கமும் பெருகின. அது அன்றைய நெருக்கடி. நெருக்கடியிற் பழகிய வழக்கத்தை அது தீர்ந்த பின்னும் கைவிடாதிருத்தல் நமக்கு இயல்பாகிவிட்டது. வேண்டிய அளவைக் கொழும்பிலிருந்து தருவிக்கச் சில வாரங்கள் ஆகுமாயின், தேய்ந்து முடியுமுன்னரே சொல்லி வைப்பதில் என்ன தடை? ஆடியிற் சொல்லிவைத்தவன் கார்த்திகையில் கலங்கான்.

நம் மாணவர்க்கும் ஒரு சொல். ரயரின் பக்கத்திலுள்ள எண்களிலிருந்து சில்லின் உயரத்தைக் காணும் கணக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவனாற் செய்யக் கூடியது. தந்தையின் காரோ மாமாவின் மோட்டார்ச் சைக்கிளோ வீட்டில் நிற்குமாயின் ஒரு முறை செய்து பாருங்கள். மோட்டார்ச் சைக்கிள்களிற் பலவற்றிலும் முன் ரயரும் பின் ரயரும் வேறுபட்ட அளவினவே என்பதைக் காண்பீர்கள். காரணத்தைப் பௌதிக ஆசிரியரிடம் கேளுங்கள். படித்த கணக்கு ஓர் உயிரைக் காக்கும் இடம் இது.

என் நண்பர் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். நான்கு றிம்மும் நான்கு ரயரும் ஒருங்கே மாற்றினார்; செலவு கண்டு சில நாள் முகம் வாடியிருந்தார். அவர் தாயார் மட்டும் அக்காரில் ஏறுமுன் இன்றும் ஒரு கணம் நின்று பின்சில்லைப் பார்த்துவிட்டே ஏறுகிறார். ரயரைப் பற்றி அந்த அம்மையாருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த நாமோ பார்ப்பதில்லை.

யூபிலி விழாவுக்குக் காரில் வந்திருக்கும் பழைய மாணவர் பலர். விழா முடிந்து விடைபெறும்போது, கல்லூரி முற்றத்திலே காரைச் சுற்றி ஒரு முறை நடந்து, குனிந்து, பின் ரயரின் பள்ளத்தை நகத்தால் அளந்து பாருங்கள். அதற்கு ஒரு நிமிடமே ஆகும். உங்கள் பழைய தமிழாசிரியன் ஒருவன் கேட்டுக்கொள்ளும் வேண்டுகோளாக அதனை ஏற்றுக்கொள்ளுங்கள். நலமே வீடு சென்று, அடுத்த யூபிலிக்கும் தவறாது வருக!